ஐஸக்கா வாங்கிய வெந்நீர்த் தொட்டி

ஐஸக்காவுக்கு வீட்டில் வைத்த பெயர் வேறு. குளிர்பதனக் கிடங்கில் உறைந்த மீனும் பட்டாணியும் அடுக்கப் போன முதல் வருடத்திலேயே இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஓய்வு பெற்ற பிறகும் போகவில்லை. கிடங்கின் உள்ளே வாயைத் திறந்தால் பேச்சுக்கு முன்னால் புகைதான் வரும். கையுறைக்கு மேல் கையுறை மாட்டினாலும் விரல் நுனி மரத்துப் போகும். இடைவேளையில் ஒதுங்க ஓர் அறை இருந்தது, ஆனால் அங்கே ஹீட்டர் கிடையாது. கேட்டுக் கேட்டு வாய் ஓய்ந்துபோன ஒரு நாள், ஐஸக்கா கிடங்கின் பெரிய கதவைத் திறந்து போட்டுவிட்டு, வாசலில் நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். மேலாளர் தலைதெறிக்க ஓடி வந்தார்.

"சரக்கெல்லாம் உருகிடும்மா!"

"நாங்க உறைஞ்சப்போ இப்படி ஓடி வரலியே சார்."

அந்த வாரமே ஹீட்டர் வந்துவிட்டது.

அப்படிப்பட்டவள், ஓய்வு பெற்ற கையோடு தன் வீட்டுப் பின்புறத்தில் ஒரு ஹாட் டப், அதாவது உட்கார்ந்து குளிக்கும் வெந்நீர்த் தொட்டி, வாங்கிப் போடப் போவதாகச் சொன்னாள். தனி வீட்டில் இருக்கும் மகன் அன்று மனைவியோடு வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான்; அவன் கை அப்படியே நின்றது.

"டாக்டர் சொன்னாரா?"

"இல்ல."

"முட்டி வலிக்குதா?"

"முட்டியெல்லாம் நல்லாத்தான் இருக்கு. எனக்கு ஆசைடா. கழுத்து வரைக்கும் வெந்நீர்ல உக்காரணும்."

மருமகள் சிரிப்பை அடக்க முடியாமல் எழுந்து உள்ளே போனாள். வலி, வாதம் என்று ஏதாவது ஒரு காரணம் இருந்திருந்தால் மகனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அறுபதைத் தாண்டிய அம்மாவுக்கு ஆசை வந்திருக்கிறது என்பதைத்தான் அவனால் ஏற்க முடியவில்லை.

ஆனாலும் கடைக்குக் கூட்டிப் போனான். புதுத் தொட்டிகள் வரிசையாகப் பளபளத்தன. விற்பனையாளர் மகனின் முகத்தைப் பார்த்தே பேசினார். "அம்மாவோட வலிக்கு ரொம்ப இதமா இருக்கும் சார்."

"வலி இல்லீங்க. உள்ள இறங்கிப் பாக்கலாமா?" என்றாள் ஐஸக்கா.

"தாராளமா. ஆனா தண்ணி விட முடியாதும்மா."

செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி உட்கார்ந்தாள். காலிக் குண்டானில் போட்ட கரண்டி மாதிரி இருந்தது. இதில் என்னத்தைத் தெரிந்துகொள்வது?

திரும்பும் வழியில் மகன் சொன்னான்: "நானே வாங்கித் தரேம்மா. புதுசே வாங்கிடலாம். எங்க வீட்ல வச்சுக்கலாம், பிள்ளைங்களும் குளிக்கும். நீ லீவு நாள்ல வந்து உக்காரு."

அவன் குரலில் பாசம் இருந்தது. அதனால் அவளால் உடனே கோபப்பட முடியவில்லை. துண்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, 'இன்னைக்கு வரலாமா?' என்று போன் பண்ணிவிட்டுப் போவதை நினைத்துப் பார்த்தாள்.

"வாங்குறது நீ, வைக்கிறது உன் வீட்ல. அப்போ நான் விருந்தாளியா? வேண்டாம்பா. வெந்நீர்ல உக்கார யார்கிட்டயும் நேரம் கேக்க மாட்டேன்."

கையில் இருந்த காசுக்குப் பழையதுதான் கட்டுப்படியாகும். அதைச் சொன்னதும் மகன் முகத்தைச் சுளித்தான். "அடுத்தவங்க குளிச்ச தொட்டியா? ச்சீ!"

"நீ பொறந்த ஆஸ்பத்திரிக் கட்டில்ல எனக்கு முன்னாடி எத்தனை பேர் படுத்தாங்களோ! நாம நல்லாத்தானே எழுந்து வந்தோம்?"

விசாரித்ததில் ஒரு கண்ணாடிக் கடைக்காரர் மாடி வீட்டுக்குக் குடிபோவதால் தொட்டியை விற்கிறார் என்று தெரிந்தது. ஐஸக்கா தனியாகவே போனாள். வெளிப்பலகை வெளுத்திருந்தது. மூடி தண்ணீர் குடித்துக் கனத்திருந்தது. தொட்டி காய்ந்து கிடந்தது.

"எல்லாம் நல்லா ஓடுதுங்க," என்றார் அவர்.

"அப்போ தண்ணி நிரப்பிச் சூடு பண்ணுங்க. உக்காந்து பாத்துட்டுச் சொல்றேன்."

"எத்தனையோ பேர் வந்தாங்க, யாரும் இப்படிக் கேக்கலியே!"

"அவங்க பாக்க வந்தாங்க. நான் உக்கார வந்திருக்கேன்."

முணுமுணுத்துக்கொண்டே நிரப்பினார். ஐஸக்கா நீர்மட்டத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டிவிட்டு வந்தாள். மறுநாள் போய்ப் பார்த்தபோது தண்ணீர் டேப்புக்குக் கீழே இறங்கியிருந்தது.

"ஆவியாப் போயிருக்கும்."

"மூடி போட்டுத்தானே இருந்துச்சு?"

இருவருமாகப் பக்கப்பலகையைக் கழற்றினார்கள். பம்புக்குப் போகும் குழாய் மூட்டில் ஈரம் கசிந்துகொண்டிருந்தது. அவர் முகம் சுருங்கிப் போனது. நிஜமாகவே அவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

"சரி பண்ணி வைங்க. திரும்ப வரேன்," என்றாள்.

அவர் ஆள் வைத்துச் சரிபார்த்தார். அடுத்த முறை டேப்புக்குக் கீழே தண்ணீர் இறங்கவில்லை. ஐஸக்கா மாற்றுத்துணியும் துண்டுமாகப் போயிருந்தாள். கடைக்காரரின் மனைவி திரைச்சீலையை விலக்கி எட்டிப் பார்க்க, அவள் படியேறி உள்ளே இறங்கினாள். சூடு முதலில் கணுக்காலைப் பிடித்தது, பிறகு முட்டியை, இடுப்பை. கழுத்து வரை வந்ததும் தோள்கள் தாமாக இறங்கின. தன் தோள்கள் அத்தனை காலமும் உயர்ந்தே இருந்தன என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

"எப்படிம்மா இருக்கு?"

"கொஞ்ச நேரம் பேசாதீங்க."

தொட்டி வந்த அன்று ஆட்கள் அதைச் சாய்த்துப் பிடித்து மதிலுக்கு மேலே ஏற்றி இறக்கினார்கள். தெருவே வேடிக்கை பார்த்தது.

"பேரப்பிள்ளைங்களுக்கா?" என்று கேட்டாள் பக்கத்து வீட்டுக்காரி.

"எனக்கு."

"வைத்தியத்துக்கா?"

"எனக்குங்க. சும்மா உக்கார."

எலக்ட்ரீஷியன் வந்து தனி இணைப்புக் கொடுத்துப் போனார். தண்ணீர் பீய்ச்சும் துளைகளில் ஓரமாக இருந்த ஒன்று வேலை செய்யவில்லை. அந்த மூலையில் உட்காராவிட்டால் போயிற்று.

மகன் கொஞ்ச நாள் முகம் கொடுக்கவில்லை, போனோடு சரி. ஒரு சாயங்காலம் திடீரென்று வந்து நின்றான். பைக்குள்ளிருந்து துண்டின் ஓரம் எட்டிப் பார்த்தது.

"நானும் இறங்கவாம்மா?"

தொட்டிக்குள் கழுத்து வரை வெந்நீரில் உட்கார்ந்திருந்த ஐஸக்கா அசையவில்லை. "நாளைக்குப் பிள்ளைங்களையும் கூட்டிட்டு வா, எல்லாரும் இறங்குங்க. இன்னைக்கு நான் உக்காந்திருக்கேன்."

அவன் பிளாஸ்டிக் நாற்காலியைத் தொட்டியோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"நல்ல சூடா?"

"கையை விட்டுப் பாரேன்."

அவன் சட்டைக் கையை மடித்து விட்டுக்கொண்டான்.