கடிகாரம் இல்லாத அறை

நம் குழுவின் லீட் கிடார் கலைஞர் அருள்தாஸை அடக்கம் செய்த மறுநாள், என்றாவது ஒரு நினைவுக் கூட்டத்தில் அவரைப் பற்றி உங்கள் முன் பேச வேண்டியிருக்கும் என்று தோன்றியது. கல்லூரியில் பாடம் நடத்திய காலத்துப் பழக்கம் விடவில்லை. முதலில் குறிப்புகளை எழுதிக்கொண்டேன். அன்று எழுதியதை மாற்றாமல் தருகிறேன்.

1. செய்தி வந்த விதம்.
2. அவருடைய மாடலர்: அது என்ன, அதை அவர் எப்படிக் கையாண்டார்.
3. அவர் தனியாகவே பயிற்சி செய்தவர். இன்னொருவருடைய வாசிப்பு அதற்கு அவருக்குத் தேவைப்பட்டதில்லை.
4. ரயிலில் நாங்கள் பேசியது.
5. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சுவது. (இன்னும் தெரியவில்லை.)

செய்தியைச் சொன்னவர் பாபு. நம் இன்னிசைக் குழுவில் ரிதம் பேட் வாசிக்கும் பாபுவை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். தருமபுரியில் என் வீட்டில் உட்கார்ந்து கிடாருக்குக் கம்பி மாற்றிக்கொண்டிருந்தேன். போன் வந்தது.

“சார், வூட்லதான இருக்கீங்க? மொதல்ல உக்காருங்க.”

“உக்காந்துதான் இருக்கேன் பாபு.”

“அருளண்ணன் போயிட்டாருங்க சார். மத்தியானம். கிடார் மடியிலயே இருந்துச்சாம்.”

நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி. “என்ன பாட்டு?”

பாபு, “தெரியலீங்க சார்” என்றார். இப்படி ஒரு நேரத்தில் இப்படி ஒரு கேள்வியா என்று போனை வைத்த பிறகு வெட்கமாக இருந்தது.

அவருடைய ஊரான மொரப்பூருக்குப் போன பிறகுதான் மற்றது தெரிந்தது; மாரடைப்பு என்றார்கள். ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பின், அருள்தாஸ் மதியச் சாப்பாடு முடிந்ததும் உள்ளறையில் கிடாரோடு உட்கார்ந்துவிடுவார். வாசலுக்கு முதுகு காட்டி, தலையில் ஹெட்போன். அவர் வாசிப்பது வெளியே கேட்காது. அன்றும் அவர் மனைவி ஸ்டெல்லா காபியோடு வந்து எட்டிப் பார்த்திருக்கிறார். தொந்தரவு செய்ய வேண்டாம் என்று திரும்பியிருக்கிறார். காபியைச் சூடு பண்ணிக்கொண்டு மறுபடியும் வந்திருக்கிறார்.

“எப்பவும் மாதிரியே உக்காந்திருந்தாருங்க. வாசிக்கறாருன்னே நெனச்சேன்” என்றார்.

அந்த மாடலரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நாற்காலியில் உட்கார்ந்து மட்டுமே எங்களைக் கேட்டவர்கள் அதைப் பார்த்திருக்க மாட்டீர்கள். மேடையில் அவருடைய காலடியில் கிடக்கும் தட்டையான கறுப்புப் பெட்டி அது. காலால் அழுத்தப் பொத்தான்கள் உண்டு. கிடாரின் ஒயர் அதற்குள் போகும். பெரிய பெரிய ஆம்ப்ளிஃபயர்களின் குரலை அது தனக்குள்ளே உண்டாக்கி மிக்ஸருக்கு அனுப்பும். முன்பெல்லாம் இரண்டு பேர் தூக்கிவந்த பாரத்தை அவர் தோள்பையில் கொண்டுவந்தார்.

ஒருமுறை பாப்பிரெட்டிப்பட்டியில் ஒரு கல்யாணம். சவுண்ட் சர்வீஸ்காரர் மேடையைச் சுற்றிச் சுற்றித் தேடினார். “அண்ணா, ஆம்ப் எங்க? வண்டியிலயே வுட்டுட்டீங்களா?”

அருள்தாஸ் காலடியைக் காட்டினார். “இதுக்குள்ள பத்து இருக்குது தம்பி. மெதுவா பேசு, முழிச்சுக்கும்.”

சிரித்தாலும் அந்தத் தம்பி ஓரடி பின்னால் நகர்ந்துதான் நின்றார்.

நாங்கள் வழக்கமாக வாசிக்கும் ஒவ்வொரு மண்டபத்துக்கும் அவர் அந்தப் பெட்டியில் இரண்டு ஒலிகளைச் சேமித்து வைத்திருந்தார். ஒன்றின் பெயர் ‘காலி’, மற்றொன்றின் பெயர் ‘ஆள்’. ஆளில்லாத மண்டபம் தானே எதிரொலிக்கும். அதற்கு வறண்ட ஒலி போதும். கூட்டம் நிறைந்துவிட்டால் எதிரொலி அடங்கிவிடும்; அதைப் பெட்டியிலிருந்து கொடுக்க வேண்டும். நான் இப்படிப் புத்தக நடையில் சொல்கிறேன். அவர் சொன்னது வேறு மாதிரி. “வர்றவங்க ஒவ்வொருத்தரும் ஆளுக்குக் கொஞ்சம் சத்தத்த எடுத்து வச்சிக்கறாங்க சார். அதான் கொறையுது.”

அரூரில் ஒரு மாலை வரவேற்பு. யாரும் வந்திருக்கவில்லை. மேடையிலிருந்து பார்த்தால் உறை போட்ட நாற்காலிகள் மட்டும் வரிசையாகத் தெரிந்தன. அருள்தாஸ் ‘ஆள்’ பொத்தானை அழுத்தி வாசித்தார். வாசித்தபடியே நாற்காலிகளை வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டு போனார். நிறுத்திவிட்டு, “பின்னாடி மட்டும் இன்னும் கொஞ்சம் பேர் வரணும் சார்” என்றார். அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. நிறைந்த மண்டபத்தை மனத்தில் வைத்து ஒலியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். ஆனாலும் நான் முன்வரிசை நாற்காலிகளைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தேன்.

அவர் பயிற்சி செய்வதை ஒரே ஒருமுறைதான் நேரில் பார்த்தேன். சொல்லாமல் மொரப்பூருக்குப் போய்விட்ட ஒரு பிற்பகல். “உள்ளதான் இருக்காரு, போங்க” என்றார் ஸ்டெல்லா. “பேச்சும் இல்ல, பாட்டும் இல்ல. தலைய மட்டும் ஆட்டறாரு. பக்கத்து வூட்டம்மா மந்திரிக்கச் சொல்லுதுங்க சார்.”

அறை வாசலில் நின்றேன். விரல்கள் ஓடிக்கொண்டிருந்தன. எனக்குக் கேட்டதெல்லாம் கம்பியின் மெல்லிய கீச்சொலி, பூச்சி ஒன்று சுவரில் உரசுவதைப் போல. அவர் எதையோ கேட்டுக் காத்திருந்தார், தலையசைத்தார், தோள் குலுங்கச் சிரித்தார், பிறகு வாசித்தார். எதிரே வெறும் சுவர். என் நிழல் பட்டுத் திரும்பியவர், திடுக்கிட்டு ஹெட்போனைக் கழற்றினார். யாரோ வந்துவிட்ட திடுக்கிடல் போல அது இல்லை. ஒரே ஆளை ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் பார்த்துவிட்டவரின் முகம் போல இருந்தது. “எவ்ளோ நேரமா நிக்கறீங்க சார்?” என்று மட்டும் கேட்டார். பெட்டியைக் காலால் சட்டென்று அணைத்தார்.

இனி ரயில் பேச்சு. நான் இந்தக் குழுவில் ரிதம் கிடார் வாசிக்கிறேன் என்று சொல்வதுண்டு. வாசிக்கிறேனா என்பதில் எனக்கே சந்தேகம். கார்டு, அதாவது ஒரே வீச்சில் சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள், மாறும்போது குனிந்து, விரல்கள் சரியான இடத்தில் இருக்கின்றனவா என்று பார்க்காமல் என்னால் அழுத்த முடியாது. சுலபமான இடங்களில் சமாளித்துவிடுவேன். சரணத்தில் கடினமான ஒரு மாற்றம் வந்தால் கொஞ்சம் தாமதமாகத்தான் போய்ச் சேருவேன். வயது ஏற ஏற அந்தக் கொஞ்சம் கூடிக்கொண்டே வந்தது. சேலத்துக்குப் போகும் ரயிலில் அதை அருள்தாஸிடம் சொன்னேன்.

“என்னால பாட்டு இழுக்குது அருள். நான் விலகிக்கறேன்.”

“யாராச்சும் சொன்னாங்களா?”

“யாரும் சொல்லல.”

“அப்ப யாருக்கும் தெரியாதுங்க சார்.” ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். “காரிமங்கலம் முடியட்டும். அப்புறம் பேசிக்கலாம்.”

காரிமங்கலத்தில் ஒரு வரவேற்புக்கு ஒத்துக்கொண்டிருந்தோம். அது வருவதற்குள் அவர் போய்விட்டார். என்னை அவர் பொறுத்துக்கொண்டாரா, இல்லை கவனிக்கவே இல்லையா என்று கேட்க இனி ஆள் இல்லை. காரிமங்கலத்தில் வாசித்துவிட்டு, உங்களிடம் சொல்லி விலகிவிடுவது என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

குறிப்புகளில் இல்லாதது இனிமேல்தான் வருகிறது.

அடக்கம் முடிந்து ஒரு வாரம் போல ஆகியிருக்கும். ஸ்டெல்லா போன் செய்தார். “சார், அந்தப் பெட்டிய வந்து எடுத்துட்டுப் போயிடுங்க.”

“ஏம்மா?”

“அந்த ரூம்ல கடிகாரம் ஓடற மாதிரி சத்தம் கேக்குதுங்க. அந்த ரூம்ல கடிகாரமே இல்லீங்க சார்.”

போனேன். சாவுக்கு வந்தவர்கள் உட்கார வேண்டும் என்று அறையிலிருந்த சாமான்களை எடுத்திருந்தார்கள். கட்டில் மட்டும் கிடந்தது. என் செருப்பில்லாத காலடிச் சத்தமே சுவரில் பட்டுத் திரும்பியது. ‘காலி’ என்று நினைத்துக்கொண்டேன். ஸ்டெல்லா உள்ளே வரவில்லை. நிலைப்படியில் நின்று, “கேக்குதுங்களா?” என்றார்.

கேட்டது. டிக், டிக். பிறகு, தலையணைக்குள்ளிருந்து வருவது போல ஒரு மங்கிய நாதம். இடைவெளி. மறுபடியும் டிக், டிக்.

குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தேன். யாரோ காலில் இடறாமலிருக்கத் தள்ளிவிட்ட இடத்தில் பெட்டி இருந்தது. பச்சை விளக்கு விட்டு விட்டு எரிந்தது. யாரும் அதை அணைக்கவே இல்லை. இன்வெர்ட்டர் இருந்ததால் கரண்ட் போனபோதும் அது நிற்கவில்லை. துண்டில் சுற்றி வைத்திருந்த ஹெட்போனிலிருந்துதான் சத்தம் கசிந்துகொண்டிருந்தது.

அந்த வகைக் கருவியில் லூப் என்று ஒரு வசதி உண்டு. ஒரு பகுதியை வாசித்துப் பொத்தானை அழுத்தினால், நிறுத்தும்வரை அதையே திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருக்கும். அதன்மேல் வேறொன்றை வாசித்துப் பழகலாம். அருள்தாஸ் கடைசியாக வாசித்தது அவர் போன பிறகும் நிற்காமல், மூடிய அறையில், கட்டிலுக்கடியில் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. இதில் விளங்காதது ஒன்றும் இல்லை. அப்படி எனக்கு நானே சொல்லிக்கொண்டுதான் ஹெட்போனை எடுத்தேன்.

ஒரு சரணத்துக்கான ரிதம் பகுதி அது. நாம் அடிக்கடி வாசிக்கும் பாட்டு. சீராகப் போய்க்கொண்டிருந்தது, ஓர் இடத்தில் மட்டும் தடுமாறியது. டிக், டிக் என்று இரண்டு தட்டல், பிறகு தாமதமாக ஒரு கார்டு. ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில், அதே தாமதம். அருள்தாஸ் அப்படி வாசித்து நான் கேட்டதில்லை. நெஞ்சு வலி அப்போதே ஆரம்பித்திருக்கும், கை தளர்ந்திருக்கும் என்று நினைத்தேன். ஸ்டெல்லாவிடம் அதைச் சொல்லவில்லை.

“என்னங்க சார் அது?”

“அருள் வாசிச்சதும்மா. திரும்பத் திரும்ப வருது. நிறுத்தினா இந்தப் பெட்டியில அழிஞ்சு போயிடும். போன்ல பதிஞ்சு வைக்கட்டுமா?”

அவர் மெதுவாக உள்ளே வந்தார். ஹெட்போனை வாங்கி ஒரு காதில் வைத்துக்கொண்டார். எத்தனை சுற்றுக் கேட்டாரோ தெரியாது. பிறகு என்னிடம் கொடுத்தார்.

“வேணாங்க. இத்தன நாளா ஓயாம வாசிச்சிட்டாரு. கை வலிக்கும்.”

நான்தான் ஸ்விட்சை அணைத்தேன்.

என்னுடைய சிறிய ஆம்பின் ஸ்பீக்கர் ரொம்ப நாளாகவே கிழிந்திருந்ததால், காரிமங்கலத்தில் என் கிடாரை அந்தப் பெட்டியில்தான் செருகினேன். அவர் நிற்கும் இடத்தில் அது கிடந்தது. அவருடைய பகுதிகளைக் கீபோர்டில் வாசிப்பது என்று ஏற்பாடு. ‘காரிமங்கலம் காலி’ என்பதில் ஒலியைச் சரிபார்த்தோம். கூட்டம் வந்ததும் ‘காரிமங்கலம் ஆள்’ பொத்தானை அழுத்தினேன். மண்டபம் அகன்றது. அவர் யாரையெல்லாம் கணக்கில் வைத்து அதை அமைத்தாரோ, அவர்கள் எல்லோரும் வந்து உட்கார்ந்துவிட்டது போல இருந்தது.

அந்தப் பாட்டு வந்தது. சரணத்தில் அந்த மாற்றம் வந்தது. குனிந்தேன். எங்களைப் பார்த்து வைத்திருந்த மேடை ஸ்பீக்கரிலிருந்து தெளிவாகக் கேட்டது. டிக், டிக்.

நான்தானே அணைத்தேன் என்று பெட்டியைப் பார்த்தேன். லூப் விளக்கு எரியவில்லை. கார்டு தாமதமாக வந்தது. கீபோர்டு எனக்கு முன்னாலேயே இறங்கிவிட, நடுவில் ஒரு பள்ளம் விழுந்தது. பாபு நிமிர்ந்து பார்த்தார்.

இரண்டாவது சரணத்தில் பெட்டியைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தேன். மோதிர விரல் கம்பியைத் தொட்டது. சரிதானா என்று மறுபடியும் ஒருமுறை தொட்டது. அப்புறம்தான் அழுத்தியது. டிக், டிக். என் விரல். இத்தனை வருடமும் கிழிந்த ஸ்பீக்கர் விழுங்கிக்கொண்டிருந்த சத்தத்தை அவருடைய பெட்டி ஒளிக்காமல் வெளியே விட்டது.

பந்தியில் பாபு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “சார், ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டீங்களே?”

“சொல்லு.”

“சரணத்துல அந்த எடத்துல அருளண்ணன் எப்பவும் ஒரு இழு இழுத்துட்டுத்தான் எறங்குவாரு. அவரு ஸ்டைலு போலன்னு நானும் கூடவே நின்னு அடிச்சிட்டிருந்தேன். இன்னிக்குத்தான் தெரியுது. ஸ்டைலு இல்லீங்க, அது நீங்க.”

“மன்னிச்சிருப்பா.”

“எதுக்குங்க சார்? ஜனங்க அந்த எடத்துக்குத்தான் கைதட்டிட்டிருந்தாங்க. அந்தப் பாயசத்த இப்படித் தள்ளுங்க.”

விலகுவதைப் பற்றி அன்று நான் பேசவில்லை. இன்றும் பேசப் போவதில்லை.

பெட்டி இப்போது என்னிடம் இருக்கிறது. ஸ்டெல்லா திரும்ப வாங்கிக்கொள்ள மறுத்துவிட்டார். ஐந்தாவது குறிப்பில் பெட்டியை எழுதலாம் என்று நினைத்தேன், ஆனால் அது சரியாக வரவில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஹெட்போனை மாட்டி அந்தச் சரணத்தை வாசித்துப் பார்க்கிறேன். இரண்டு தட்டலுக்கும் கார்டுக்கும் நடுவில் அவர் எனக்காக நின்ற அந்தச் சின்ன இடம் இருக்கிறதே, எனக்கு மிஞ்சியது அதுதான். அங்கே சில சமயம் அவருடைய இழுப்பு கேட்பது போல இருக்கிறது. நேற்று ஹெட்போனைக் கழற்றிவிட்டுத் திரும்பினால், வாசலில் என் மனைவி நின்றிருந்தாள். “யாரப் பாத்து இப்படித் தலையாட்டறீங்க?” என்று கேட்டாள். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

அந்த லூப்பில் தாமதம் மட்டுமல்ல, இரண்டு தட்டலும் இருந்தன. பக்கத்தில் நின்று என் விரல்களைக் கவனித்து, அவ்வளவு நுணுக்கமாக என்னைப் போலவே அவர் வாசித்து வைத்ததில் கொஞ்சம் கிண்டலும் இருந்திருக்கலாம். சுவரைப் பார்த்து அன்று அவர் சிரித்ததும் அதற்காகவே இருக்கலாம். என்னை அவர் திருத்தவில்லை, தன் வாசிப்பைத்தான் என்னை வைத்துப் பழக்கிக்கொண்டார். என்னவென்று தெரியாமல் அந்த லூப்பை என் கையாலேயே அழித்தேன்.

மூன்றாவது குறிப்பு தவறு. அவர் தனியாகப் பயிற்சி செய்யவில்லை.