ஏரிக் கேட்டின் சாவி

சாமி படத்துக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குகிற பெரிய சாவி எதற்கு என்று நேற்று இரண்டு பேரும் கேட்டீர்கள். நான் பேச்சை மாற்றிவிட்டேன். வாயால் சொல்ல வரவில்லை, அதனால் எழுதுகிறேன். பத்தாவது வரை படித்தவன். பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

அது நம் ஏரிக் கேட்டின் சாவி. செப்டிக் டேங்க் லாரிகள் ஏரிக்கு வந்து கழிவைக் கொட்டிவிட்டுப் போய்க்கொண்டிருந்தன. மீன் செத்து மிதந்தது. மனு கொடுத்துக் கொடுத்து அலுத்துப்போனோம். நாமே கேட் போட்டுப் பூட்டிவிடலாம் என்று ஊர்க் கூட்டத்தில் சொன்னவன் நான்தான். கேட்டுக்கு இரண்டு பக்கமும் பள்ளம் வெட்டினோம். ஆளும் மாடும் போய்வர ஒரு சந்து மட்டும் விட்டோம். கம்பெனி ஸ்கிராப்பில் கேட்டு வாங்கிய தடித்த சங்கிலியை நான் போட்டேன்.

"தேன்கனிக்கோட்டை காட்டு யானையே எறங்கி வந்தாலும் இதை உடைக்காதுங்க" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தோம்.

சாவி யாரிடம் இருப்பது? நாலு பேரிடம் இருந்தால் லாரிக்காரன் ஒருத்தனைச் சரிக்கட்டிவிடுவான். "அண்ணன்கிட்டயே ஒண்ணே ஒண்ணு இருக்கட்டும்" என்றார்கள். பூட்டோடு வந்த மற்ற இரண்டு சாவிகளை எல்லோர் கண் முன்னாலும் ஏரியில் எறிந்தேன். கை தட்டினார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கேட்டுக்கு உள்ளே, கரையோரம், பால்கார அத்தையின் கொட்டகை இருந்தது. இரண்டு மாடுகள். உதைக்கிற மாட்டை இரும்புச் சங்கிலியில் கட்டியிருப்பார், சாதுவான மாட்டைக் கயிற்றில்.

அந்தக் கோடையில் ஏரி பாதி வற்றி, கோரைப்புல் வைக்கோல் மாதிரி காய்ந்து நின்றது. குப்பைக்கு யாரோ வைத்த நெருப்பு, காற்றில் கோரைக்குத் தாவியது. நான் முதல் ஷிஃப்டில் இருந்தேன். லைனுக்குள் செல்போன் கூடாது. யூனிஃபார்ம் மாற்றிக்கொண்டு போனும் பேன்ட்டும் லாக்கரில் வைத்துவிட வேண்டும். சாவி பேன்ட் பாக்கெட்டில். உங்கள் அம்மா எனக்குப் போன் போட்டுப் பார்த்துவிட்டு கம்பெனி கேட்டுக்குப் போட்டிருக்கிறாள். "லைன் ஓடுதும்மா, பிரேக்ல சொல்றேன்" என்றிருக்கிறார் செக்யூரிட்டி. பிரேக் அப்போதே முடிந்துவிட்டிருந்தது. ஷிஃப்ட் முடிந்து லாக்கரைத் திறந்தபோது போன் மினுங்கிக்கொண்டிருந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் அடங்கிப் புகைதான் மிச்சம். தீயணைப்பு வண்டி சீக்கிரமே வந்துவிட்டதாம். கேட் பூட்டியிருந்தது. சுற்றிப் போக, நாங்கள் வெட்டிய பள்ளம் விடவில்லை. அவர்களுடைய குழாய் கொட்டகை வரை எட்டவில்லை. வெல்டிங் கடையிலிருந்து கட்டர் கொண்டுவந்து சங்கிலியை அறுத்து உள்ளே போவதற்குள் கொட்டகை எரிந்து இறங்கிவிட்டது. அத்தை கயிற்று மாட்டை அவிழ்த்துவிட்டார். இரும்புச் சங்கிலி கொதித்துவிட்டது. அதையும் பிடித்துப் பார்த்திருக்கிறார். இரண்டு உள்ளங்கையிலும் துணி சுற்றி உட்கார்ந்திருந்தார். திட்டுவார் என்று நின்றேன்.

"சாவி யாருகிட்டன்னு ஃபயர்காரங்க கேட்டாங்கண்ணா. எல்லாரும் உங்களத்தான் சொன்னோம். ஒருத்தரும் மறக்கல" என்றார்.

உங்களுக்குத் தெரியும், கம்பெனியில் நான் ஃபயர் டீம். பின்வாசல் பக்கத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு சாவியும் வெளியே குட்டிச் சுத்தியலும் தொங்கும். புதிதாக வருகிற பையன்களுக்கு அதைக் காட்டி, "நெருப்புன்னா யோசிக்காத, உடைச்சு எடு" என்று சொல்லிக்கொடுப்பதே நான்தான். நம் ஏரிக்கு அது தோன்றவில்லை.

பிறகு புதுப் பூட்டு வாங்கி, அதே மாதிரி கண்ணாடிப் பெட்டியும் மாட்டினேன். நாலாம் நாள் கண்ணாடி உடைந்து கிடந்தது. சாவியும் இல்லை, பூட்டும் இல்லை. ஏரி நாறியது.

"பூட்டுனா நெருப்பு, தெறந்தா நாத்தம். நீங்களே சொல்லுங்கண்ணா, என்ன பண்ணலாம்?" என்று கூட்டத்தில் கேட்டார்கள். இன்றுவரை கேட் திறந்தேதான் கிடக்கிறது. ஆணியில் இருப்பது, சங்கிலி அறுபட்டுப்போன அந்தப் பழைய பூட்டின் சாவி. தூக்கிப் போட மனம் வரவில்லை.

இந்த வருஷமும் கோரை காய்ந்துவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கம் போனேன். அத்தை புதுக் கொட்டகையில், இருக்கிற ஒரு மாட்டைக் கயிற்றில் கட்டியிருந்தார்.

"நுனியைப் புடிச்சு இழுத்தா அவுந்துடும்ணா. யாரு வேணா இழுக்கலாம்" என்று காட்டினார்.

இழுத்துப் பார்த்தேன். உடனே அவிழ்ந்தது. திரும்பக் கட்டத்தான் எனக்கு வரவில்லை. தழும்பு ஏறிய கையால் அவரே வாங்கிக் கட்டினார்.