நான்காவது கேள்வி

பம்பாயில் ஒரு புற்றுநோய் ஆஸ்பத்திரியில், கருப்பைப் புற்றுக்கான புது மருந்தைச் சோதிக்கும் பிரிவில் எனக்கு வேலை. வராந்தாவில் மேஜை போட்டு, பக்கத்தில் ஆயா பேர் கூப்பிட, வாராவாரம் ஒவ்வொரு நோயாளியிடமும் பதினோரு கேள்விகள் கேட்டு எழுதிக்கொள்வேன். நான்காவது கேள்வி, "உதிரப்போக்கு உண்டா?"

தாராவியிலிருந்து வரும் ஞானம்மாள் எதற்கும் ஒழுங்காகப் பதில் சொல்லமாட்டார். "இல்ல", "தெரியாது", "சீக்கிரம் விடுங்கம்மா". எனக்குப் பற்றிக்கொண்டு வரும். 'ஒத்துழைப்பதில்லை' என்று அட்டையில் எழுதிவைத்தேன்.

ஐந்தாவது வாரம் அவர் எழுந்த பெஞ்சில் ரத்தம். உள்ளே அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினேன்.

"நாலு வாரமா இல்லைன்னுதானே சொன்னீங்க? இந்த மருந்து கேக்கலைன்னு தெரிஞ்சிருந்தா டாக்டர் வேற வைத்தியம் பார்த்திருப்பாரே!"

"பேரு கூப்பிடுதாளே ஆயா, அவ எங்க தெருக்காரி. வயித்துல கட்டின்னுதான் அவகிட்ட சொல்லி வச்சிருக்கேன். இது அவ காதுல விழுந்தா சாயங்காலத்துக்குள்ள தாராவி பூரா தெரிஞ்சிரும். தை மாசம் எம் மவளுக்குக் கல்யாணம். ஆத்தாளுக்கு இந்த நோக்காடுன்னா மாப்பிள்ளை வீட்டுக்காரவ நிறுத்திர மாட்டாவளா?"

"என்கிட்ட மெதுவாச் சொல்லியிருக்கலாமே?"

"நீங்க மெதுவாவா கேட்டிய?"

அன்றே டாக்டர் அந்த மருந்தை நிறுத்திக் கதிர்வீச்சுக்கு எழுதினார். போன நான்கு வாரம் போனதுதான்.

மறுநாள் முதல் கதவைச் சாத்திக்கொண்டு எல்லோரையும் புதிதாகக் கேட்டேன். பல 'இல்லை'கள் 'ஆமாம்' ஆயின.

இந்தப் பெண்களோடு மாரடிக்க முடியவில்லை என்று டாக்டரிடம் எத்தனை முறை அலுத்துக்கொண்டிருப்பேன்! மாதுங்காவில் எங்கள் வீட்டில், அப்பா காதுபட மாதவிலக்கைக் குறிக்கும் 'தூரம்' என்ற சொல்லைக்கூட நாங்கள் உச்சரித்ததில்லை. இது எனக்குத் தெரியாத விஷயமா?