கண்ணாத்தாளுக்காக ஒரு பஸ்

போர்வெல் ரிக் வண்டிக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எது ஆடினாலும், எது தானாகத் திறந்துகொண்டாலும் உடனே வெல்டு வைத்துவிடுவார்கள். மல்லசமுத்திரம் செங்கோடன் அண்ணனும் அப்படித்தான். வாலிபம் முழுக்க, போர் போடும் ரிக்கோடு மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் என்று சுற்றியவர். மழைக்காலத்தில் மட்டும் ஊருக்கு வருவார்.

நான் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு எதிரே கன்சல்டிங் வைத்திருக்கிறேன். வண்டிக்குப் பேர் மாற்றுவது, எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றுக்குத் தேதி வாங்குவது எல்லாம் என் பிழைப்பு. அன்புச்செல்வி என்கிற எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று இந்தத் தெருவுக்கே தெரியும். போன சித்திரையில் ஒரு பழைய காலேஜ் பஸ்ஸைக் கொண்டுவந்து என் கடை முன்னால் நிறுத்தினார் செங்கோடன் அண்ணன். உள்ளே சீட்டே இல்லை. கட்டில், கேஸ் அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, மூலையில் சின்னதாக ஒரு கக்கூஸ்.

"ஊடு மாதிரி மாத்திட்டேன் அன்பு. சத்தீஸ்கர் வரைக்கும் போகோணும், ஆர்.சி.யிலயும் மாத்திக் குடு சாமி" என்றார்.

எனக்கு வந்ததே கோபம்!

"ஏனுங்ண்ணா, பர்மிஷன் வாங்கிட்டு வேலை செய்வாங்களா, வேலையை முடிச்சுப்போட்டு வந்து பர்மிஷன் கேப்பாங்களா? காயிதத்துல இது இன்னும் காலேஜ் பஸ்ஸுங்க. சத்தீஸ்கர் போறதாவது, ஓமலூரைத் தாண்ட மாட்டீங்க."

பஸ்ஸுக்குள் கட்டிலில் படுத்திருந்த அவர் மனைவி கண்ணாத்தாள் அக்காதான் பதில் சொன்னார். மாடியில் சோளம் காயப்போடப் போய் வழுக்கி விழுந்ததிலிருந்து அக்காவுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. கார் சீட்டில் உட்கார வைத்தால் முதுகு வலி உயிரை எடுத்துவிடும்.

"இவரு இருந்த ஊரையெல்லாம் ஒருக்கா பாக்கோணும்னு நான்தான் கேட்டேன் கண்ணு. என்னைய ஊட்டுல உட்டுப்போட்டு அப்படி என்ன சொகத்தை அங்க கண்டாருன்னு தெரியோணுமில்ல? இப்ப கிட்னியும் போயிட்டிருக்குதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு. இந்த வருசம் உட்டா நான் எங்க போறது?"

திட்டுவதை விட்டுவிட்டு வேலையில் இறங்கினேன். பஸ்ஸை மாற்றிக் கட்டிய பட்டறையில் வரைபடம் வாங்கினேன். அனுமதிக்கு முன்பே வேலையை முடித்தது எங்கள் தப்புதான் என்று மனுவிலேயே எழுதிக் கொடுத்தோம். எடுபடுமா என்று எனக்கே பயம்தான். இதற்கிடையில் அக்காவை இரண்டு தடவை சேலத்து ஆஸ்பத்திரியில் சேர்த்துக் கூட்டிவந்தார்கள். ஆடி பிறந்த பிறகுதான் வண்டியைச் சோதிக்கும் பிரேக் இன்ஸ்பெக்டரின் பார்வைக்குத் தேதி கிடைத்தது.

இன்ஸ்பெக்டர் உஷாராணி மேடம் பொறுமையாகத்தான் பார்த்தார். சிலிண்டர், ஒயரிங், கட்டிலின் போல்ட்டு எல்லாம் சரி. பிறகு பக்கவாட்டில் இருந்த அவசரக் கதவைத் தள்ளினார். அசையவில்லை.

"ஏன் திறக்கல?"

"வெல்டு வச்சுட்டனுங்க" என்றார் செங்கோடன் அண்ணன் பெருமையாக. "கட்டில் அந்தப் பக்கமுங்க. குலுக்கல்ல கதவு தெறந்து அவ உளுந்துட்டா?"

"அவசர வழி இல்லாத வண்டிக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேங்க."

"என்ர பொண்டாட்டி உளுந்தா நீங்க வந்து தூக்குவீங்களா?" என்று கத்திவிட்டார் மனுஷன். மைதானத்தில் எஃப்.சி.க்கு நின்ற லாரிக்காரர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். போச்சு, எல்லாம் போச்சு என்று நான் தலையில் கை வைத்துக்கொண்டேன்.

உள்ளிருந்து அக்காவின் குரல் வந்தது. "ஏனுங்க, கட்டிக்கிட்டு வந்த நாள்ல இருந்து அந்த ஊட்டுக்குள்ளயே அடைஞ்சு கெடந்தேன். இதுலயும் வெல்டு வச்சு அடைக்கோணுமா? தீப்புடிச்சா எது வழியா என்னைய எடுப்பீங்க?"

செங்கோடன் அண்ணனின் முகம் செத்துப்போனது. உடனே வண்டியை எடுத்துக்கொண்டு போனார். அன்றைக்கே பட்டறையில் தன் கையாலேயே வெல்டை அறுத்து, கதவுக்கு உள்தாழ்ப்பாள் போட்டு, கட்டிலுக்கு பெல்ட்டும் தைத்து வாங்கினாராம்.

மறுபடி வண்டியைக் காட்டியபோது, "இந்த வழியா அவங்களை இறக்கிக் காட்டுங்க" என்றார் மேடம். அண்ணன் கீழே நின்று, கதவைத் திறந்து, கைகளை நீட்டி அக்காவை அப்படியே வாங்கி இறக்கினார். அறுபது வயது ஆள், மூச்சு வாங்கியது. "எறக்கி உடுங்க, எல்லாரும் பாக்கறாங்க" என்று அக்கா கூச்சத்தில் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டார். ஒருத்தரும் சிரிக்கவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதை ஏன் மறைக்க வேண்டும்? மேடம் கையெழுத்துப் போட்டார்.

ஆர்.சி.யில் காலேஜ் பஸ் போய் மோட்டார் கேரவன் என்று வந்தது. ஆயுத பூஜை முடிந்து கிளம்பினார்கள். ஐப்பசியில் ஒரு மத்தியானம் சத்தீஸ்கரிலிருந்து அக்கா போன் பண்ணினார்.

"பாத்துட்டேன் அன்பு. ஒரு மரங்கூட இல்லாத கல்லாங்காடு. கூப்புட்டா ஏன்னு கேக்க ஒரு நாதியில்லை. இங்கதான் ரிக்குக்கு அடியில தார்ப்பாயை விரிச்சுப் படுத்திருக்காரு கண்ணு, அத்தனை வருசமும். எனக்காச்சும் ஊடுன்னு ஒண்ணு இருந்துச்சு."

பக்கத்தில் அண்ணன் ஏதோ சொல்ல வந்தார். "நீங்க சும்மா இருங்க" என்று அவரை அதட்டிவிட்டு, அக்கா அழ ஆரம்பித்தார்.

"ஒரு நாளாச்சும் சொல்லியிருக்கலாமில்ல இந்த மனுசன்? நான் பாட்டுக்கு இவரைத் திட்டிக்கிட்டே காலத்தை ஓட்டிட்டேனே."