மூலை வயலில் போட்ட இரண்டு

நான் கட்டப் புதிர்கள் போடுகிறவள். இதைச் சொன்னதும் எதிரில் இருப்பவர் "ஓ, சுடோகுவா?" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கட்டம் என்றாலே சுடோகுதானா? தீவுகளைப் பாலம் போட்டு இணைக்கிற புதிர் இருக்கிறது. விளக்கு வைத்து அறை முழுக்க வெளிச்சம் பரப்புகிற புதிர் இருக்கிறது. பேப்பரில் வராததால் அவையெல்லாம் இல்லை என்று ஆகிவிடுமா? சித்தூரில் மாம்பழக் கூழ் ஆலை ஒன்றின் ஆபீஸில் எனக்கு வேலை. மதியம் டிபன் பாக்ஸை ஓரம் தள்ளிவிட்டு நான் கட்டம் போட்டுக்கொண்டிருந்தால், பக்கத்து சீட்டுக்காரர் "சுடோகு அயிந்தா மேடம்?" என்று தெலுங்கில் விசாரிப்பார். இது சுடோகு இல்லை என்று விளக்கி விளக்கி எனக்கு வாய் வலித்துவிட்டது. இப்போதெல்லாம் "அயிந்தி" என்று சொல்லிவிடுகிறேன். முடிந்தது என்றால் அவரும் நிம்மதியாகப் போய்விடுகிறார்.

போன வருஷம் நானே ஒரு புது வகை கண்டுபிடித்தேன். கால்வாய் என்று பெயர் வைத்தேன். கட்டங்களைத் தடித்த கோட்டால் வயல் வயலாகப் பிரித்திருப்பேன். ஒரு முனையில் கிணறு, மறுமுனையில் ஏரி. இரண்டுக்கும் நடுவே ஒரே கால்வாய் வெட்ட வேண்டும். அது எல்லா வயலுக்குள்ளும் போக வேண்டும், ஆனால் ஒரு வயலுக்குள் ஒரு தடவைதான் நுழையலாம். சில வயல்களில் ஓர் எண் இருக்கும். அந்த வயலில் அத்தனை கட்டங்கள்தான் நனைய வேண்டும். அவ்வளவுதான் விதி. படிக்கச் சுலபம், உட்கார்ந்து போட்டால் மண்டை காய்ந்துவிடும்.

இப்படிப்பட்ட புதிர்களுக்கென்றே இணையத்தில் ஒரு போட்டி நடக்கிறது. பல நாட்டுக்காரர்கள் கலந்துகொள்வார்கள். அதை நடத்துகிறவர் என் கால்வாய் ஒன்றை எடுத்துக்கொண்டார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆனால் கூடவே பயமும் வந்துவிட்டது. எங்கள் உலகத்தில் ஒரு புதிருக்கு ஒரே விடைதான் இருக்க வேண்டும். இரண்டு விடை வந்துவிட்டால் போட்டி நடுவிலேயே அந்தப் புதிரை ரத்து செய்துவிடுவார்கள். என்னையும் மறுபடி கூப்பிட மாட்டார்கள். புது வகையாக இருந்தால் இன்னும் மோசம், அந்த வகையே உருப்படாதது என்று ஒதுக்கிவிடுவார்கள்.

என் புதிர்களைப் போட்டுப் பார்த்துச் சொல்கிறவர் என் அண்ணி. திருப்பதியில் இருக்கிறார். அவர் வேகத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை போட்டி. சனிக்கிழமை காலையிலேயே "ஒரே விடைதான், சூப்பர்" என்று மெசேஜ் அனுப்பிவிட்டார். போட்டியை அண்ணியோடு உட்கார்ந்து பார்க்கலாம் என்று நான் மதியமே திருப்பதி பஸ் ஏறினேன்.

காணிப்பாக்கம் பிள்ளையார் கோயிலுக்குப் போகிறவர்கள் வழியில் இறங்கினார்கள். ஜன்னலோரம் சீட் கிடைத்தது. நன்றி சொல்லலாமே என்று அண்ணிக்கு போன் போட்டேன்.

"இன்னா அண்ணி, அவ்ளோ சீக்கிரம் போட்டுட்டீங்க?"

"அந்த மூலையில ரெண்டுக்கு ரெண்டா நாலு கட்டத்துல ஒரு வயல் வச்சிருக்கியே, அதான்மா ஈசி. ஒரு மூலைக் கட்டத்துல பூந்து குறுக்கால எதிர்மூலைக் கட்டத்துல வெளிய வந்தா, மேல சுத்தியும் போலாம், கீழ சுத்தியும் போலாம். அப்போ ரெண்டு விடை ஆயிடுமில்ல? அதனால தண்ணி அப்படி எதிர்மூலைக்குப் போவவே போவாதுன்னு அந்த வழிய வெட்டிட்டு வந்துக்கினே இருந்தேன்."

நான் சட்டென்று போனை வைத்துவிட்டேன். போட்டிகளில் ஊறிப்போன எல்லோரும் செய்கிற வேலைதான் இது. விடை ஒன்றுதான் இருக்கும் என்று நம்பி, இரண்டாகப் பிரியும் வழியைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் தள்ளிவிடுவது. போட்டியில் அது கெட்டிக்காரத்தனம். புதிரைச் சரிபார்க்கும்போது அதே கெட்டிக்காரத்தனம் குடியைக் கெடுத்துவிடும். விடை ஒன்றா என்று பார்த்துச் சொல்லச் சொன்னால், ஒன்றுதான் என்று வைத்துக்கொண்டே அண்ணி ஆரம்பித்திருக்கிறார். அவர் தள்ளிவிட்ட வழியில் தண்ணீர் நிஜமாகவே ஏரிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால்?

பையிலிருந்து தாளை எடுத்து மடியில் வைத்துப் போட்டுப் பார்த்தேன். பஸ் குலுங்கிய குலுக்கலில் பென்சில் வயலைவிட்டு வயல் தாண்டியது. இருந்தாலும் விஷயம் தெரிந்துபோயிற்று. தண்ணீர் தாராளமாகப் போய்ச் சேர்ந்தது. மேல் சுற்றில் ஒன்று, கீழ் சுற்றில் ஒன்று, நான் நினைத்தது ஒன்று. என் அருமைப் புதிருக்கு மூன்று விடைகள். திருத்தம் இருந்தால் மாலைக்குள் அனுப்ப வேண்டும் என்று போட்டி நடத்துகிறவர் ஏற்கெனவே எழுதியிருந்தார்.

திருப்பதியில் இறங்கி, மலைக்குப் போகிற கும்பலை இடித்துக்கொண்டு ஆட்டோ பிடித்து அண்ணி வீட்டுக்குப் போனேன். போகிற வழியெல்லாம் அவர்மேல் கோபம். கதவைத் திறந்தபோது அவர் முகமே செத்துப்போயிருந்தது. போனை வைத்த பிறகு அவருக்கும் புரிந்துவிட்டதாம்.

"நான்தாம்மா கெடுத்துட்டேன்."

"அதெல்லாம் அப்புறம் திட்டிக்கலாம் அண்ணி, முதல்ல பென்சில் கொடுங்க."

சாப்பாட்டு மேஜையில் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். சுற்றிப் போகிற இரண்டு வழியிலும் மூலை வயலில் மூன்று கட்டங்கள் நனைகின்றன. நான் நினைத்த வழியில் இரண்டுதான். அந்த வயலில் ஒரு "2" போட்டுவிட்டால் சுற்றுவழி இரண்டும் அடைபட்டுவிடும். இதைக் கண்டுபிடித்தது அண்ணிதான். ஆனால் இந்த முறை நான் அவரை லேசில் விடவில்லை.

"இதுக்கு விடையே கிடையாதுன்னு நினைச்சுக்கினு போடுங்க. எந்த வழியையும் சும்மா தள்ளக் கூடாது. முட்டுற வரைக்கும் போய்ப் பாக்கணும்."

அவர் ஒரு பக்கம் போட, நான் ஒரு பக்கம் போட்டேன். ஒவ்வொரு கிளையும் எங்கே முட்டி நிற்கிறது என்று ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டோம். அண்ணி வைத்த காபி ஆடை படிந்து கிடந்தது. கடைசியில் எல்லாம் முட்டி, ஒரே ஒரு கால்வாய் மிஞ்சியது. அனுப்பினேன். "மாற்றிவிட்டேன்" என்று பதில் வந்த பிறகுதான் பசி தெரிந்தது. "துன்னுட்டுப் பேசும்மா" என்று அண்ணி தோசை வார்த்துப் போட்டுக்கொண்டே இருந்தார்.

மறுநாள் போட்டி. விடையை, வரிசைக்கு எத்தனை கட்டம் நனைந்தது என்று எண்களாகத் தட்டி அனுப்ப வேண்டும். யார் எந்தப் புதிரைப் போட்டார்கள் என்று திரையில் வரும். சரியான விடைக்குப் பச்சை, தப்புக்குச் சிவப்பு. என் புதிருக்கு முதலில் வந்ததே சிவப்பு. நேற்று நாங்கள் எந்தக் கிளையையோ விட்டுவிட்டோம், அவ்வளவுதான், முடிந்தது கதை என்று நினைத்தேன். அண்ணி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் அதே ஆள் மறுபடி அனுப்பினார். பச்சை. அதற்குப் பிறகு பச்சை, பச்சை, பச்சைதான். அந்த ஆள் அவசரத்தில் ஓர் எண்ணை மாற்றித் தட்டிவிட்டதாகப் பின்னால் எழுதியிருந்தார். அவரை மனதாரத் திட்டினேன், உடனே மன்னித்தும்விட்டேன்.

போட்டி முடிந்ததும் நடத்துகிறவர் எழுதினார். கால்வாயை முடித்தவர்கள் எல்லோருக்கும் ஒரே விடை வந்திருக்கிறது, புகார் ஒன்றும் இல்லை.

அண்ணி அதை இரண்டு தடவை சத்தம் போட்டுப் படித்தார். முகம் தெரியாத யார் யாரோ, எந்தெந்த ஊரிலோ உட்கார்ந்து, நான் வெட்டிவைத்த வழியிலேயே தண்ணீரை ஏரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். ஒருவர்கூட வழிமாறிப் போகவில்லை. அண்ணி தோளில் சாய்ந்து ஒரு மூச்சு அழுதுவிட்டேன்.