குருநகரில் மட்டும் அடித்த ஹோர்ன்

மருந்து வான் சங்கத்தாரே, ஏழை மனநோயாளரின் பேரில் நன்கொடை வாங்கி, பணக்காரரின் மானத்தைத்தான் காப்பாற்றினீர்கள்.

வீடு வீடாக மருந்து கொண்டுவரும் உங்கள் வான் சாரதியை எனக்குத் தெரியும். மெலிந்த மனிதர், கழுத்துவரை பொத்தான் பூட்டிய சேட். யார் கொடுத்தாலும் குளிசையைத் துப்பிவிடும் என் தம்பி, அவர் கையால் கொடுத்தால் மட்டும் விழுங்குவான்.

கொக்குவில் பணக்காரரின் மதில் வீடுகளுக்குக் கிட்டப் போனதும் அவர் எஞ்சினை நிறுத்தி, வானைச் சத்தமில்லாமல் தள்ளிக்கொண்டு போவார். அயலுக்குத் தெரியக்கூடாதாம். குருநகரில் எங்கள் ஒழுங்கைக்குள் திரும்பும்போதே ஹோர்னை அழுத்திப் பிடிப்பார். அந்தச் சத்தத்தில் தம்பியின் நோய் ஊருக்குத் தெரிந்து, அக்காவுக்குப் பேசிய கலியாணம் நின்றது. நான் அவருடைய சேட்டைப் பிடித்தேன்.

"எங்களுக்கு மானம் இல்லையோ, அண்ணை?"

"சங்கம்தான் அடிக்கச் சொன்னது. சனம் கூடினால்தானாம் படம் எடுத்துக் காசு தந்தவைக்கு அனுப்பலாம்."

அடுத்த முறை அவர் எங்கள் ஒழுங்கையிலும் எஞ்சினை நிறுத்தித் தள்ளினார். டயர் மணலில் புதைந்தது.

"என்ன அண்ணை, எண்ணெய் முடிஞ்சுதோ?" என்று சிரித்தபடி ஒழுங்கைச் சனம் முழுவதும் வந்து தள்ளி, வானை எங்கள் வாசலில் கொண்டுவந்து விட்டது.

"உதுக்கு ஹோர்னே நல்லம், என்ன?" என்றார் அவர், வியர்வையைத் துடைத்தபடி.

எனக்காகத்தான் தள்ளினாரா, என்னைக் கேலி செய்தாரா, இன்றும் விளங்கவில்லை. ஆனால் நீங்கள் கொக்குவிலில் ஏன் ஒரு படமும் எடுக்கவில்லை? எங்கள் கோயில் ஒலிபெருக்கியில் வந்து, அந்தக் காரணத்தை ஊர் கேட்கச் சொல்லுங்கள்.