இரண்டு மூட்டை என்று எழுதியது

சுப்பராயலுவின் வீட்டில் அவர் எதிரில் யாரும் தண்ணீரைக் கடகடவென்று குடிக்கமாட்டார்கள். தொண்டை ஏறி இறங்கும் சத்தம் காதில் விழுந்தால் மனிதர் தட்டை வைத்துவிட்டு வாசலுக்குப் போய்விடுவார். "இந்த ஆளுக்கு இன்னா பேயா புடிச்சிருக்குது?" என்று மனைவி வேணி மகளிடம் புலம்புவாள். மூன்று வருஷமாக இப்படித்தான்.

ஒலக்கூரைத் தாண்டி உள்ளே போனால் மேட்டேரி. பதினோரு கிராமத்துக்குக் குடிநீர் அங்கிருந்துதான் போகிறது. சுப்பராயலு அங்கே மோட்டார் ஆபரேட்டர். மல்லாட்டை பயிர் வைத்துக்கொண்டிருந்தவர், இருபத்தெட்டு வயதில் தினக்கூலியாக வந்து சேர்ந்தார். வேலை நிரந்தரமாகப் பதினாறு வருஷம் பிடித்தது. எந்த வால்வை எத்தனை சுற்று திருகினால் எந்த ஊர்க் குழாயில் தண்ணீர் ஏறும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். திண்டிவனத்தில் சொந்தக்காரர் கல்யாணம் என்றாலும் தண்ணீர் விடுகிற நேரம் நெருங்கிவிட்டால் பந்தியில் பாதியிலேயே எழுந்து பஸ் பிடித்துவிடுவார். "ஜல்தியா ஓடுறாரு பாரு, ஏரியக் கட்டிக்கினவரு," என்று மச்சான்மார்கள் கேலி பேசுவார்கள். அவருக்கு அதில் உள்ளூரப் பெருமை.

சித்திரை பிறந்தால் ஏரி பச்சை பிடிக்கும். குழாய்த் தண்ணீரில் சேற்று வாடை அடிக்கும். அப்போது பாசிக்கு மருந்தான மயில்துத்தத்தைச் சணல் சாக்கில் கட்டிப் பரிசலுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டே ஏரியைச் சுற்றுவார்கள். நீலம் கரையக் கரைய, மூன்றாம் நாள் பாசி பழுத்து அடியில் இறங்கிவிடும். எவ்வளவு போடலாம், எந்தப் பக்கம் போடலாம், போட்டபின் எத்தனை நாள் வால்வைத் திறக்கக்கூடாது என்பதற்கெல்லாம் விழுப்புரம் ஆய்வகத்திலிருந்து சீட்டு வரும்.

ஆனால் மேட்டேரியில் சீட்டுக்கு முன்பிருந்தே வேறொரு வழக்கம் உண்டு. மதகில் இறங்கும் கல்படியில் எத்தனை படி மூழ்கியிருக்கிறதோ, அத்தனை மூட்டை. மதகடியில்தான் ஆழம், மற்ற இடமெல்லாம் வண்டல் மேடிட்டு இடுப்பளவுத் தண்ணீர்தான் என்பதைப் படி சொல்லாது.

மூன்று வருஷத்துக்கு முன்பு வந்த சீட்டில் இரண்டு மூட்டை என்று இருந்தது. அதையும் முதலில் பாதி ஏரிக்கு ஒன்று, பத்து நாள் விட்டு மறுபாதிக்கு ஒன்று என்று போடச் சொல்லியிருந்தது. சுப்பராயலு போய்ப் படியை எண்ணினார். எட்டு.

"ஃபேனுக்கு அடியில குந்திக்கினு எழுதுறானுங்க. இம்மாம் பெரிய ஏரிக்கு ரெண்டு மூட்டயாம்!" என்று தனக்குத்தானே சிரித்துக்கொண்டு, ஸ்டோரில் பழைய இருப்பாகக் கிடந்த ஆறு மூட்டைகளையும் சேர்த்து ஒரே நாளில், தனியாளாகப் பரிசல் தள்ளிக் கரைத்து முடித்தார்.

மறுநாள் விடிந்தபோது மீன்கள் எல்லாம் கரையோரம் வந்து வாயை மேலே நீட்டிக்கொண்டிருந்தன. ஆயிரம் வாய் இருக்கும். அவை காற்றைக் குடித்த சத்தம், களக் களக் என்று, மோட்டார் ரூம் வரைக்கும் கேட்டது. எதையோ கேட்டுக் கெஞ்சுவதுபோல இருந்தது. அவர் வாளியில் கிணற்றுத் தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றினார், பைத்தியக்காரனைப் போல. வெயில் ஏறியதும் சத்தம் நின்றது. ஏரி முழுக்க வெள்ளை வயிறு. வால்வு மட்டும் அடைத்திருந்தது, ஊர்கள் தப்பின.

மீன் குத்தகை இருதயமேரியுடையது. உறவுக்காரக் கல்யாணத்துக்குச் செஞ்சி போயிருந்தவள், சாயங்காலம் வந்தாள். மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் மெதுவாகத்தான் கேட்டாள்.

"எத்தினி மூட்ட போட்டண்ணா?"

"ரெண்டும்மா. சீட்டுல இருந்த கணக்குதான்."

பதிவேட்டிலும் அதையே எழுதினார். விசாரிக்க வந்தவர்கள் வெயில் கொடுமை என்று முடித்துவிட்டுப் போனார்கள். செத்த மீன் அழுகி, அதையே உரமாகத் தின்று, மாசம் திரும்புவதற்குள் பச்சை மறுபடி படர்ந்தது.

அதன்பின் ஏரி அவரை விடவில்லை. உலை கொதித்தாலும் அந்தச் சத்தம், மாடு தொட்டியில் குடித்தாலும் அந்தச் சத்தம்.

அடுத்த இரண்டு வருஷம் துத்தம் போடச் சீட்டு வரவில்லை. இந்த வருஷம் ஆய்வகத்துக்குப் புதிதாக வந்த வேதியியலாளர் அஸ்வினி நேரிலேயே வந்திருந்தார். காலை பத்து மணி. மோட்டார் ரூம் மேசையில் பதிவேட்டை விரித்துவைத்து, அந்த வரியில் விரலை வைத்தார்.

"போன தடவ ரெண்டு மூட்டை போட்டும் ஒரே மாசத்துல திரும்பி வந்திருக்கு பாருங்க. டோஸ் பத்தல. இந்தத் தடவ சீட்டுல நாலுன்னு எழுதியிருக்கேன்."

சுப்பராயலு வெளியே பார்த்தார். கோடையில் ஏரி பாதியாகச் சுருங்கியிருந்தது. இந்தத் தடவை துத்தம் இழுக்கத் தானே வருவதாகச் சொல்லியிருந்த இருதயமேரி, பரிசலில் சாக்கைக் கட்டிக்கொண்டிருந்தாள். ஏழு மாதம் முன்புதான் புதிதாக மீன்குஞ்சு விட்டிருந்தாள். ஓய்வு பெற அவருக்கு எட்டு மாதம் பாக்கி. வாயைத் திறந்தால் பென்ஷன் என்ன ஆகுமோ. திறக்காவிட்டால் நாலு மூட்டை.

"மேடம், நிறுத்தச் சொல்லுங்க."

"ஏங்க?"

"அது ரெண்டு இல்ல. எட்டு. படிய எண்ணிப் போட்டேன். ரெண்டுன்னு பொய் எழுதினேன்."

அஸ்வினி அந்த வரியிலிருந்து விரலை எடுத்தார். பிறகு, "உங்க ரெண்ட நம்பித்தாங்க நான் நாலுன்னு எழுதினேன். இத்தினி ஊரு குடிக்கிற தண்ணி," என்றார். ஒரு வெள்ளைத் தாளை நகர்த்தினார். "உங்க கையால எழுதிக் குடுங்க. நான் மேல அனுப்பித்தான் ஆவணும்."

"அனுப்புங்க மேடம்."

எழுதிக் கொடுத்தார். அஸ்வினி சீட்டைக் கிழித்துப்போட்டார். கயிறு விட்டுப் பத்து இடத்தில் ஆழம் அளந்த பிறகுதான் புதிய சீட்டு, அதுவரை ஒரு பிடி துத்தமும் இறங்கக்கூடாது என்றார்.

கயிற்றை எடுத்துக்கொண்டு சுப்பராயலு கரைக்கு இறங்கினார். ஜன்னல் திறந்துதான் இருந்தது. இருதயமேரி எல்லாவற்றையும் கேட்டிருப்பாள்.

"மேரி..."

"எட்டுன்னு எனக்குத் தெரியும்ண்ணா."

"எப்பிடிம்மா?"

"ரூமுக்குப் பின்னால காலிச் சாக்கு கெடந்துச்சே. ஏழ எடுத்தாந்து ஆட்டுக் கொட்டாய்க்குத் தடுப்பு கட்டினேன். ஒண்ணு கிழிசலு, உட்டுட்டேன்."

மூன்று வருஷமாக இவள் தினமும் அவரைப் பார்த்திருக்கிறாள், அவர் வாங்கித் தந்த டீயைக் குடித்திருக்கிறாள்.

"அப்பவே கேட்டிருக்கலாமேம்மா."

"கேட்டேனே. ரெண்டுன்ன."

அவள் துடுப்பை எடுத்தாள். "ஏறு. வெயிலு ஏறுது."

ஏறினார். முதல் இடத்தில், கல் கட்டி அடிக்கு ஒரு முடிச்சு போட்ட கயிற்றை இறக்கி, ஈர முடிச்சுகளை எண்ணி, "நாலு முடிச்சு," என்றார். இருதயமேரி துடுப்பை மடியில் வைத்துவிட்டுக் கயிற்றைத் தன் பக்கம் இழுத்தாள். ஒவ்வொரு முடிச்சாகத் தடவிப் பார்த்தாள். அதன் பிறகுதான் கரையில் நின்ற அஸ்வினியிடம் கத்திச் சொன்னாள்.

பத்து இடத்திலும் அப்படியே செய்தாள்.